சுடாத துவக்கும் ஒரு சிவப்புப் பாஸ்போட்டும்

ஒரு மனிசன் எப்ப சுவிஸ்காரன் ஆகிறான் எண்ட கேள்விக்கு ஹிண்டர்புல்லிங்கன் கெமைன்ட மிகுந்த பொறுப்புணர்ச்சியோட ஒரு விடை வைச்சிருக்கு. அவன் ஒரு ஃபெரைனில சேருற அண்டைக்கு. கெமைன்ட எண்டா எங்கட ஊர்ச்சபை. ஃபெரைன் எண்டா சங்கம். மூண்டு சுவிஸ்காரர் ஒரு இடத்தில நிண்டா, நாலாவது ஆள் வர முதல் ஒரு ஃபெரைன் துவங்கி, தலைவரைத் தெரிஞ்சு, வருசாந்தக் கூட்டத்துக்குத் திகதியும் குறிச்சுப்போடுவினம்.

ஊர் பாடனுக்குப் பக்கத்தில. மாட்டுக்குக் காதில நம்பர், எங்களுக்கு வதிவிட பெர்மிற்றில நம்பர். மற்றபடி ஊரில பெரிய வித்தியாசம் ஒண்டும் பாக்கிறேல்லை.

என்ர அப்பா சிறீதரன் பாடனில ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில வேலை செய்யிறார். கார் ஓட்டமாட்டார். விடிய அஞ்சு மணிக்கு ஊரில இருந்து ஒரு பஸ் போகும். அதில ஏறுறது அப்பா, ஃப்ரிபூர்க் ரயில் பிடிக்க ஓடுற நான், பிறகு ரெண்டு போத்துக்கல்காரர். ஒவ்வொரு மார்கழியும் ஊர்க்கூட்டத்தில "உந்த விடியப்புறப் பஸ் தேவையோ" எண்டு ஒரு கேள்வி எழும்பும். கை உயர்த்தி முடிவெடுப்பினம். பஸ்ஸில போற ஒருத்தருக்கும் வாக்கில்லை. வாக்கிருக்கிற ஒருத்தரும் அஞ்சு மணிக்கு எழும்புறேல்லை. ஒவ்வொரு வருசமும் ஆரோ நாலைஞ்சு புண்ணியவான்களின்ர கையால பஸ் தப்பும். அப்பாக்கு அந்த மார்கழி மாசம் முழுக்க நித்திரை வராது.

கடைசியா ஒரு நாள் சொன்னார், "பிள்ளை, நான் சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போடப்போறன். என்ர பஸ்ஸுக்கு நானே கை உயர்த்தோணும்."

"நீங்கள் போடுங்கோ. நான் போடமாட்டன்" எண்டன். நான் பாடன் ஆஸ்பத்திரியில பிறந்தனான். பிறந்த நாட்டில இருக்கிறதுக்கு நான் ஏன் விண்ணப்பம் போடோணும்? ஃப்ரிபூர்க்கில சட்டம் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கொள்கை வேண்டாமோ? கொள்கை இருக்கு. கையில இலங்கைப் பாஸ்போட்டும் இருக்கு.

குடியுரிமைக்கான முதல் நேர்முகத்துக்குக் கெமைன்டக் கந்தோருக்கு நானும் கூடப் போனன். ஃப்ராவ் ஆம்ஸ்லர் எண்ட அதிகாரி அம்மா நல்ல மனிசி. இஞ்ச பொம்பிளையெண்டா ஃப்ராவ், ஆம்பிளையெண்டா ஹேர். மேசையில சொக்கலேற் வைச்சிருந்தவா. எடுங்கோ எண்டு மட்டும் சொல்லேல்லை.

"கண்ணாடிப் போத்திலை எப்ப கொண்டுபோய்த் தொட்டியில போடலாம், ஹேர் சிறீதரன்?"

"ஞாயிறு ஏலாது. மற்ற நாளில மத்தியானம் பன்ரெண்டில இருந்து ஒண்டு வரை ஏலாது. சத்தம்."

"நீலப் போத்தில் எதுக்குள்ள?"

"பச்சைக்குள்ள."

அவா பேனையைக் கீழ வைச்சா. நீலப் போத்தில் தெரிஞ்ச வெளிநாட்டுக்காரரை அதுக்கு முதல் அவா கண்டதில்லைப் போல. பேந்துதான் அந்தக் கேள்வி வந்தது.

"எந்த ஃபெரைனில இருக்கிறீங்கள்?"

அப்பா நிமிர்ந்து இருந்தார். இதுக்குத்தான் மனிசன் காத்திருந்தவர். "கோயில் பரிபாலன சபை. தமிழ்ப் பாடசாலைப் பெற்றார் சங்கம். விளையாட்டுக் கழகம். பழைய மாணவர் சங்கம் ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

"ஒண்டாத்தான் இருந்தது. தலைவர் தெரிவுக்குப் பிறகு ரெண்டு. எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரர்."

"அது உங்கட ஆக்களோட இருக்கிறது. நான் கேட்டது சேர்ந்து வாழுறது."

"அங்கயும் சேர்ந்து வாழுறது சரியான கஷ்டம்தான்" எண்டார் அப்பா, மனசாரச் சொன்னவர். ஆனா அது புள்ளிக்கு வரேல்லை.

ஹிண்டர்புல்லிங்கனில மூண்டு ஃபெரைன் இருக்கு. வாத்தியக் குழுவில எல்லாரும் செத்து மேளக்காரர் மட்டும் மிச்சம். அவரும் இப்ப ஆக்களைச் சேர்க்கிறேல்லை, பழகிப்போச்சாம். ரெண்டாவது பெண்கள் உடற்பயிற்சிச் சங்கம். மூண்டாவது துவக்குச் சங்கம், குறி பாத்துச் சுடுற ஆக்கள்.

"துவக்கோ?" எண்டு கேட்டார் அப்பா.

"எங்கட மரபு. ஒரு வருசம் ஒழுங்காப் போங்கோ. பிறகு ஆணைக்குழுவுக்கு வாங்கோ."

பதினெட்டு வயசில ஆரார் துவக்கோ தன்னைத் தேடுது எண்டுதான் இந்த மனிசன் இஞ்ச ஓடி வந்தது. இப்ப அரசாங்கம் சொல்லுது, நீங்கள் போய் ஒரு துவக்கைத் தேடுங்கோ எண்டு. திரும்பி வீட்டு வாசலுக்கு வரேக்க அப்பா கேட்டார், "சப்பாத்தோட சுடுறதோ, கழட்டிப்போட்டோ?"

துவக்குச் சங்கத் தலைவர் ஹேர் ஹுன்சிக்கர் அப்பாவைக் கண்டதும் கட்டிப்பிடிக்காத குறை. சங்கத்தில ஆகக் குறைஞ்ச வயசு அறுபத்தொண்டு. அந்த ஆளையும் "எங்கட பெடியன்" எண்டுதான் கூப்பிடுவினம். ஹுன்சிக்கர் அதோட நிக்கேல்லை. துவக்கு வைச்சிருக்கிற உரிமைக்காகப் போராடுற 'சுதந்திரத் துவக்காளர் பேரவை'க்கும் அவர்தான் எங்கட ஆர்காவ் கன்ரோனுக்கு, அதாவது மாகாணத்துக்கு, செயலாளர். காரின்ர பின்பக்கம் முழுக்க ஸ்ரிக்கர். எல்லா ஸ்ரிக்கரும் ஆரையோ எச்சரிச்சுக்கொண்டிருந்தது.

அப்பான்ர இலங்கைப் பாஸ்போட்டைப் பாத்தார். நான் இடையில பூந்தன்.

"ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு. ஆயுதச் சட்டத்தின்ர கீழ ஒரு நாட்டுப் பட்டியல் இருக்கு. அந்த நாட்டுக்காரர் இஞ்ச துவக்கு வாங்கேலாது, வைச்சிருக்கேலாது, சுடவும் ஏலாது. இலங்கை அதில இருக்கு."

"அப்ப உவர் சுவிஸ் ஆனாத்தான் சுடலாம்."

"ஓம்."

"சுட்டாத்தான் சுவிஸ் ஆகலாம்."

"ஃப்ராவ் ஆம்ஸ்லர் அப்பிடித்தான் சொல்லுறா."

"ஆர் போட்ட விதி உது?"

"பேர்ண்."

"பேர்ண்" எண்டு அவரும் ஒருக்காச் சொன்னார். மத்திய அரசு இருக்கிற ஊர். எங்கட ஆக்கள் "கொழும்பு" எண்டு சொல்லேக்க வாற அதே தொனி. அந்த ஒரு செக்கன் எனக்கு அந்தக் கிழவனில ஒரு பாசம் வந்தது எண்டு ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

அப்பா மெதுவாச் சொன்னார், "ஐயா, எனக்குத் துவக்கு வேண்டாம். ஃபெரைன் மட்டும் காணும்."

ஹுன்சிக்கருக்குக் கண் கலங்கிப் போச்சு. "கேட்டீங்களோ? அவ்வளவு அடக்கிப்போட்டினம். ஆசைப்படக்கூட மனிசன் பயப்பிடுறார்."

அடுத்த கிழமை பேரவை ஒரு இயக்கம் துவங்கிச்சுது. 'ஆயுதமற்ற தமிழனுக்கு நீதி.' சுவரொட்டியில அப்பா குசினி ஏப்ரனோட நிக்கிறார், ரெண்டு கையும் வெறுங்கை, முகத்தில ஆழ்ந்த துயரம். உண்மையில படம் எடுத்த நேரம் அடுப்பில சூப் கிடந்தது, அந்தக் கவலை. எங்கட வகுப்பில துவக்குக்கு எதிரா நோட்டீஸ் குடுக்கிற குழுவில நான்தான் கத்துறதுக்குப் பொறுப்பு. அந்த நோட்டீஸ் ஒட்டின அதே கம்பத்தில மற்றப் பக்கம் என்ர அப்பா.

"உவை உங்களைப் பாவிக்கினம் அப்பா."

"பாவிக்கட்டும். எனக்கு பஸ் வேணும்."

"துவக்கு உரிமை எண்டா என்னெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"பிள்ளை, எங்கட ஊரில எல்லாருக்கும் அது இருந்தது. எனக்கு மட்டும்தான் இல்லை."



சுடேலாத அங்கத்தவரை என்ன செய்யிறது எண்டு சங்கம் கூடி ஆராய்ஞ்சுது. முதல்ல குசினியில விட்டினம். அப்பா மட்டன் ரோல்ஸ் போட்டார். ரெண்டு மாசத்தில பக்கத்து ஊர்ச் சங்கத்துக் கிழவர்மார் எல்லாம் இஞ்ச வந்து சுடத் துவங்கிச்சினம். ஒரு கையில துவக்கு, ஒரு கையில ரோல்ஸ். இலக்கில ஓட்டை குறைஞ்சுபோச்சு, ஆனா ஒருத்தருக்கும் கவலையில்லை. அப்பா இதை ஃப்ராவ் ஆம்ஸ்லருக்கு அறிவிச்சார்.

"சமைக்கிறது சேர்ந்து வாழுறதில்லை" எண்டா அவா. "சமைக்கிற தமிழர் எங்களிட்டை ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கினம். சங்கத்தின்ர முக்கிய செயற்பாட்டில பங்குபற்றோணும்."

முக்கிய செயற்பாடு சுடுறது. அதால அடுத்த சனிக்கிழமை தொடக்கம் அப்பா மற்ற ஆக்களோட வரிசையில பாயில குப்புறப் படுத்தார். கால் அகட்டி, முழங்கை ஊண்டி, ஒரு கண்ணை மூடி. கையில ஒண்டும் இல்லை. தலைவர் "சுடு" எண்டு கட்டளை குடுப்பார். மற்ற ஆக்கள் சுடுவினம். அப்பா மூச்சைப் பிடிச்சு விடுவார். புள்ளி எழுதுறவர் பூச்சியம் எண்டு எழுதுவார்.

"ஒரே சீரான ஆட்டம்" எண்டு பாராட்டினார் பயிற்சியாளர். "ஒருக்காலும் தளம்பிறேல்லை."

இந்தச் செய்தி எப்பிடியோ ஒரு துவக்குக் கம்பனிக்குப் போச்சு. கம்பனியின்ர பேர் சொல்லமாட்டன். அவையிட்டை வக்கீல் இருக்கினம், எனக்கு இன்னும் சோதினை இருக்கு. புதிய உற்பத்திகளுக்குப் பொறுப்பான ஹேர் ப்ரூகர் எண்டவர், காலில வெள்ளைச் சப்பாத்து, கழுத்துப்பட்டி இல்லை, நேர அப்பான்ர பாய்க்குப் பக்கத்தில வந்து குந்தினார்.

"எங்கட தொழிலின்ர பெரிய பிரச்சினை என்ன தெரியுமோ? துவக்கு வாங்க விரும்பின எல்லாரும் வாங்கியாச்சு. இனி ரெண்டு சந்தைதான் மிச்சம். விரும்பாத ஆக்கள், வாங்கேலாத ஆக்கள். நீங்கள் ரெண்டிலயும் இருக்கிறீங்கள்."

"நன்றி" எண்டார் அப்பா படுத்தபடி.

ப்ரூகர் முதல்ல குழாய் இல்லாத துவக்கு ஒண்டு செய்து கொண்டு வந்தார். குழாய் இல்லாட்டிலும் மற்றப் பாகங்களும் ஆயுதம்தான், சட்டம் அப்பிடிச் சொல்லுது எண்டன் நான். பாகமெல்லாத்தையும் கழட்டிப்போட்டு மரத்தால செய்தார். உண்மையான துவக்கு எண்டு ஆரும் பிழையா நினைச்சா அந்தப் போலியும் ஆயுதம்தான் எண்டன்.

"உங்கட மகள் எங்களிட்டை வேலைக்கு வருவாவோ?" எண்டு அப்பாட்டைக் கேட்டார்.

"அவா உங்களுக்கு எதிர்" எண்டார் அப்பா.

"அதுதான் எங்களுக்கு வேணும்."

நான் போகேல்லை. ஆனா ஒவ்வொரு தரமும் அவர் கொண்டு வரேக்க பிழை சொல்லாமல் இருக்கவும் என்னால ஏலேல்லை. வாய் அப்பிடி. இப்பிடியே திருத்தித் திருத்தி, கடைசியா வந்த பொருள் சுடாது, துவக்கு மாதிரி இராது, துவக்கின்ர ஒரு பாகமும் அதுக்குள்ள இல்லை. பாத்தா பேக்கரியில வாங்குற ஒரு றாத்தல் பாண் மாதிரி. மேல ரெலிபோன் செருக ஒரு வெட்டு. ரெலிபோனில ஒரு அப். தட்டினா "பங்" எண்டு மரியாதையான சத்தத்தில சொல்லும். மத்தியானம் பன்ரெண்டில இருந்து ஒண்டு வரையும் ஞாயிறு முழுக்கவும் அதுவும் சொல்லாது. பேர் 'நொய்ட்ரால்', நடுநிலை. ஒரு பக்கமும் சேராத துவக்கு.

இது ஆயுதமில்லை எண்டு பொலிஸிட்டைச் சான்றிதழ் எடுக்கோணும். அது குடுக்கிறது ஆயுத அலுவலகம். ஆயுதமில்லாத பொருளுக்கு அங்க படிவம் இல்லை எண்டு சொன்னவை. அதால முதல்ல ஆயுதமாப் பதிஞ்சு, பிறகு ஆயுதமில்லை எண்டு நீக்கி, நீக்கினதுக்குச் சான்றிதழ் குடுத்தினம். அந்த இடைப்பட்ட அரை நாள் அப்பா பாணைத் தொடக்கூடாது எண்டு எழுத்தில அறிவிச்சிருந்தினம். அவர் தொடேல்லை.

துவக்காளர் பேரவை நொய்ட்ராலை வரவேற்று அறிக்கை விட்டுது. 'துவக்கில்லாத துவக்கை வைச்சிருக்கிறது ஒவ்வொரு மனிசனின்ர பிறப்புரிமை.' துவக்குக்கு எதிரான எங்கட குழு அதைத் தடை செய்யச் சொல்லி ஊர்வலம் போச்சு. பாணைத் தடை செய்யச் சொல்லிக் கத்தின அண்டைக்கு நான் கடைசி வரிசையில நிண்டுதான் கத்தினன்.

சூரிச்சில அது பேஷனாப் போச்சு. யோகா வகுப்பில நொய்ட்ரால் பிடிச்சு மூச்சுப் பயிற்சி. 'மனதார ஒண்டையும் சுடாதிருத்தல்' எண்டு பன்ரெண்டு வாரப் பயிற்சி நெறி. தோல் உறையோட ஒண்டு, மரக்கறி மட்டும் சாப்பிடுற ஆக்களுக்குத் தோல் இல்லாத உறையோட ஒண்டு.

எங்கட ஆக்கள் விடுவினமோ? நொய்ட்ரால் வீட்டில இருந்தா பாஸ்போட் கெதியா வருமாம் எண்டு கதை பரவிச்சுது. பாசலில இருந்து பாலேந்திரன் மாமா அப்பாக்கு ரெலிபோன் எடுத்தார்.

"சிறீ, அந்தப் பாண் ஒண்டு எடுக்கேலுமோ?"

"உங்களிட்டைத்தான் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருக்கே அண்ணை."

"இருக்கு. ஆனா கீழ்வீட்டுக்காரர் ரெண்டு எடுத்திட்டினம். எனக்கு மூண்டா எடு. கறுப்பு நிறம் இருந்தா நல்லம், ஹோல் சோபாவும் கறுப்பு."

ரெண்டு கிழமையால ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனால், பெரியபிள்ளையான பெட்டை பல்லக்கில வருது, ரெண்டு பக்கமும் நொய்ட்ரால் பிடிச்சபடி தோழிமார். படம் எடுக்கிறவர் சொல்லுறார், "தங்கச்சி, பாணைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, முகத்தை மறைக்குது."

பழைய மாணவர் சங்கம் ரெண்டும் ஆளுக்கொரு நொய்ட்ரால் போட்டி வைச்சினம், ஒரே நாளில, வேற வேற மண்டபத்தில. அப்பா ரெண்டுக்கும் போய் ரெண்டிலயும் பிரதம விருந்தினர்.

ஆணைக்குழு நாள் வந்தது. அஞ்சு பேர் வரிசையா இருந்தினம், நடுவில ஃப்ராவ் ஆம்ஸ்லர். மேசையில நொய்ட்ரால், பக்கத்தில பொலிஸ் சான்றிதழ். நான் பின்னால கதிரையில. வாய் திறக்கக்கூடாது எண்டு முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தினம். என்னைப் பற்றி விசாரிச்சிருக்கினம் போல.

"சுடுறனீங்களோ, ஹேர் சிறீதரன்?"

"ஓம். ஒவ்வொரு சனியும்."

"எதால?"

"உதால."

"உது துவக்கில்லை எண்டு இந்தச் சான்றிதழ் சொல்லுது."

"ஓம், துவக்கில்லை."

"அப்ப நீங்கள் சுடேல்லை."

"இல்லை."

"சுட்டிருந்தா சட்டத்தை மீறினவர். சுடாட்டில் பங்குபற்றேல்லை. எது?"

இந்த இடத்தில ஒரு வழக்கறிஞர் எழும்பி மேசையில அடிக்கோணும். எனக்கு ஏழு வாதம் தெரியும். அப்பாக்கு ஒண்டும் தெரியாது.

அப்பா விரல் மடிச்சு எண்ணினார். "நான் நேரத்துக்குப் போறன். பாயில படுக்கிறன். தலைவர் சுடு எண்டா மூச்சு விடுறன். நிப்பாட்டு எண்டா நிப்பாட்டுறன். மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு அப் சத்தத்தை நிப்பாட்டும். நானும் மூச்சைக் கொஞ்சம் மெதுவாத்தான் விடுவன். முடிஞ்சதும் பாயைச் சுருட்டி, கூட்டிப்போட்டு வாறன்."

"இது எல்லாம் ஏன் எண்டு ஒருக்காலும் யோசிக்கேல்லையோ?"

"விதி தானே" எண்டார் அப்பா.

அஞ்சு பேரும் ஆளை ஆள் பாத்தினம். கரையில இருந்த கிழவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ஃப்ராவ் ஆம்ஸ்லர் சொக்கலேற் தட்டை அப்பான்ர பக்கம் தள்ளினா. எடுங்கோ எண்டும் சொன்னா.

முடிவு ஏகமனதா வந்தது. 'அர்த்தம் விளங்காத விதியொன்றை முணுமுணுப்பின்றிக் கடைப்பிடிக்கும் பண்பு விண்ணப்பதாரியிடம் ஆழ வேரூன்றியுள்ளமையால், அவர் இந்நாட்டவர் என்பதில் ஆணைக்குழுவுக்கு ஐயமில்லை.' கன்ரோனும் பேர்ணும் ஆறுதலா முத்திரை குத்திச்சினம். வீட்டில என்ர அம்மா பாற்சோறு காய்ச்சினா. ஹுன்சிக்கர் உண்மையான துவக்கொண்டின்ர விலைப்பட்டியலோட வந்தார், இனி உங்களுக்கு உரிமை இருக்கு எண்டு. அப்பா முதுகு நோ எண்டு சொல்லி ரோல்ஸ் குடுத்து அனுப்பினார்.

மார்கழி ஊர்க்கூட்டம். வாக்குள்ள ஆக்கள் முன்னுக்கு இருப்பினம், இல்லாத ஆக்களுக்குப் பின்னால ரெண்டு நீட்டு வாங்கில். நான் பின் வாங்கிலில, போத்துக்கல்காரர் ரெண்டு பேருக்கும் நடுவில. அப்பா முன்னுக்கு, புதுக் கோட் போட்டு, ஹுன்சிக்கருக்குப் பக்கத்தில.

இந்த முறை பிரேரணை கொஞ்சம் வேற மாதிரி வந்தது. துவக்குச் சங்கத்தில ஆக்கள் கூடிப்போச்சினம். சூரிச்சில இருந்தும் பாசலில இருந்தும் பாணோட வருகினம். அதால சூடேற்றின பாயோட ஒரு சத்தமில்லாச் சூட்டு மண்டபம் கட்டோணும். காசுக்கு வழி, விடியப்புறப் பஸ்ஸை நிப்பாட்டுறது. விரும்புற ஆக்கள் கை உயர்த்துங்கோ எண்டினம்.

கை எழும்பிச்சுது. எண்ணுறவர் வரிசை வரிசையா வந்தார். அப்பான்ர வரிசைக்கு வரேக்க எனக்கு முதல்ல விளங்கேல்லை. புதுக் கோட்டுக் கை ஒண்டு மேல நிக்குது. நேர, வடிவா, தளம்பாமல்.

ஒரே ஒரு கையால பஸ் போச்சு.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வைன் குடிக்கேக்க அப்பாவை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனன்.

"என்ன செய்தனீங்கள்? அந்த பஸ்ஸுக்காகத்தானே இவ்வளவும்."

"ஹுன்சிக்கர் அண்ணை பக்கத்தில கை உயர்த்திக்கொண்டு என்னைப் பாக்கிறார். முன்னால ஆம்ஸ்லர் அம்மா திரும்பிப் பாக்கிறா. அவ்வளவு செய்த சனம். நான் மட்டும் கையை மடிச்சுக்கொண்டிருந்தா என்ன நினைப்பினம்?"

"அவை என்ன நினைச்சா என்ன? நீங்கள் நினைக்கிறதுக்குத்தான் வாக்கு. இனி விடிய நாங்கள் எப்பிடிப் போறது?"

"நடப்பம். கை எண்ணினவர் சொன்னவர், மற்றப் பக்கம் இன்னும் ரெண்டு கை இருந்திருந்தா பஸ் தப்பியிருக்குமாம்." ஒரு மாதிரி என்னைப் பாத்தார். "பின் வாங்கில் ஆக்களில ஆரும் ரெண்டு பேர் கொள்கை பாக்காமல் பாஸ்போட்டுக்குப் போட்டிருந்தாப் பரவாயில்லை."

நான் கத்தத் துவங்கினன். ஜனநாயகம் எண்டன், மனச்சாட்சி எண்டன், அரசியலமைப்பில இருந்து ரெண்டு உறுப்புரையும் சொன்னன். வைன் கிளாஸோட நிண்ட சனம் திரும்பிப் பாத்துது. அப்பா கையை என்ர தோளில வைச்சு, குரலைத் தாழ்த்தி, பொறுமையாச் சொன்னார்.

"மெதுவாக் கதை, பிள்ளை. நீ இன்னும் வெளிநாட்டுக்காரி. உனக்கு இது விளங்காது."